அச்சுக்கூடத்துச் சாந்தமேரி

தபாலாபீசில் குமாஸ்தா குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் சாந்தமேரி அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறார். "ஐயா, எங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்டீங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் வந்தால் அந்தக் குமாஸ்தா இடது கையால் தாளை மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். வீட்டிலும் இதே கதை. கணவர் இருதயம் தரையில் பத்திரிகையை விரித்துப் படிப்பார். எதிரே உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கும் சாந்தமேரி அதே பக்கத்தை அவருக்கு முன்பே முடித்துவிடுவார். "பக்கத்தைத் திருப்புங்க. அந்த ஒரு செய்தியை எவ்வளவு நேரம் படிப்பீங்க" என்பார்.

பிரிக்பீல்ட்ஸில் கார்த்திகேசு நடத்தும் அச்சுக்கூடத்தில் அவர் கம்போசிட்டர். ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரிவரியாகக் கோப்பது வேலை. எழுத்துகள் தலைகீழாகத்தான் நிற்கும் என்பதால் கண் அப்படியே பழகிவிட்டது. வயது நாற்பதை நெருங்குகிறது. உயரமான உடம்பு. வந்ததும் செருப்பைக் கழற்றி எழுத்துப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார். ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் எடுப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஜெபம் சொல்வதுபோல் இருக்கும்.

இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதுவதெல்லாம் அவர் கை வழியாகத்தான் உங்களிடம் வருகிறது. சென்ற மாதம் கட்டுரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவனைக் கூப்பிட்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க எழுத்துல 'ஆனால்' ரொம்ப வருது. மூணாம் பக்கத்துலயே 'னா' பெட்டி காலி. நாலாம் பக்கத்துல மட்டும் எல்லாத்தையும் சரின்னு ஒத்துக்கிட்டு எழுதுங்களேன்."

எழுதிப் பார்த்தேன். கட்டுரை முன்னைவிட நன்றாகவே வந்தது.

இந்த ஊரில் முன்பெல்லாம் தமிழ் கம்போசிட்டர் வேண்டுமென்றால் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். வந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூருக்கு நழுவுவார். இன்னொருவர் தங்கை கல்யாணத்துக்கென்று ஊர் போய் அங்கேயே நின்றுவிடுவார். "கப்பலை நம்பி அச்சுக்கூடம் நடத்தேலாது" என்று யாழ்ப்பாணத்துக்காரரான கார்த்திகேசு நொந்துபோயிருந்த சமயத்தில், அவரைத் தேடி வந்தவர் வெரோனிகா. பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான தொழில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை.

"ஆள் கப்பல்ல வரணுமா சார்? ரயில்வே குவார்ட்டர்ஸ்ல தமிழும் இங்கிலீஷும் படிச்ச பொம்பளைங்க சும்மாதானே இருக்காங்க. பாதி வேலையை நாங்க கத்துக் குடுக்கிறோம், மீதியை நீங்க குடுங்க" என்றார்.

அப்படித்தான் ஏற்பாடு ஆயிற்று. காலையில் பள்ளிக்கூடத்தில் எழுத்திலக்கணமும் பக்க அளவும்; பிற்பகலில் அச்சுக்கூடத்தில் வேலை. பழகுவதற்காகத் தேய்ந்த எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார் கார்த்திகேசு. ஆறு மாதம் பார்ப்பது, சரிப்பட்டால் வேலை, இல்லாவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது என்பது நிபந்தனை. எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரிலும் மூத்தவர் சாந்தமேரி. ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "அவரு எஞ்சின்ல ஏறிட்டா ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவாரு. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும். வீட்டுல நானும் கடிகாரமும்தான். அதுவாவது ஏதோ வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அச்சுக்கூடத்தின் தலைமைக் கம்போசிட்டர் தம்புசாமிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பெண்களிடம் நேரே பேசமாட்டார். சொல்ல வேண்டியதைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வார். "அந்த மூலையில இருக்கிற பக்கத்தை யாராவது கொண்டாந்தா நல்லாருக்கும்." சாந்தமேரியும் அதே நாட்காட்டியைப் பார்த்துப் பதில் சொல்வார். "கொண்டாரோம்னு சொல்லு."

தைப்பூசம் நெருங்கியது. பத்துமலைக்கு விடும் சிறப்பு ரயில்களின் நேர அட்டவணை அச்சுக்கு வந்திருந்தது. கிள்ளானிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் கிளம்பும் வண்டிகள், தமிழிலும் இங்கிலீஷிலும், பத்தி பத்தியாக எண்கள். கம்போசிட்டர்கள் பயப்படுகிற வேலை. சாந்தமேரி கேட்டு வாங்கிச் செய்தார். சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் அச்சுக்கூடத்திலேயே இருந்து காலையில் முடித்துவிட்டார். அன்று மாலைக்குள் ரயில் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும்.

நூலால் சுற்றிக் கட்டிப் பலகையில் வைத்த எழுத்துப் பக்கத்தை அச்சு யந்திரத்துக்குத் தூக்கிப் போக இரண்டு பேர் வேண்டும். உதவிக்கு ஆள் என்றால் மறுபடியும் நாட்காட்டியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அன்று அவருக்கு அதற்கு மனமில்லை. தனியாகவே தூக்கினார். பாதி வழியில் கட்டியிருந்த நூல் நெகிழ்ந்தது. பலகை சாய்ந்தது. அட்டவணை முழுவதும் மழைபோலத் தரையில் கொட்டியது.

போனது அவருடைய ஒரு காலை வேலை மட்டுமல்ல, எட்டுப் பேருடைய ஆறு மாதமும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாந்தமேரி பின்வாங்கப் போனார்.

"தங்கச்சி, அசையாதீங்க. கால்கிட்ட எழுத்து கிடக்கு" என்றது ஒரு குரல். தம்புசாமி. நாட்காட்டியைப் பார்க்காமல் அவரை நேரே பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கார்த்திகேசு உள்ளேயிருந்து வந்தார். "உதுக்குத்தான் நான் முதலே யோசிச்சனான். இனிச் சரிவராது. எட்டுப் பேரும் வீட்டை போங்கோ."

"போறோம் சார். எல்லாத்தையும் பொறுக்கிக் குடுத்துட்டுப் போறோம். கொட்டினது நான்" என்றார் சாந்தமேரி. கண் தரையில்தான் இருந்தது. அதற்குள் எண்களைத் தனியே ஒதுக்கத் தொடங்கியிருந்தார்.

தம்புசாமி பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். வெரோனிகா மற்ற ஏழு பெண்களோடும் வந்து சேர்ந்தார். கலந்த எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போடுவதைத்தானே அவர்கள் தேய்ந்த எழுத்துகளை வைத்துத் தினமும் காலையில் பழகினார்கள். வட்டமாக உட்கார்ந்தார்கள். கை வேகமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தமும் கேட்டது. யாரோ ஒருத்தியின் கொண்டையிலிருந்து ஒரு 'ழ' கிடைத்ததாம். பெட்டி நிரம்ப நிரம்ப, ஒரு பத்தியைத் தம்புசாமியும் அடுத்த பத்தியைச் சாந்தமேரியும் கோத்தார்கள். எண்களை ஒருவருக்கொருவர் உரக்கப் படித்துக் காட்டிச் சரிபார்த்தார்கள். வெயில் தாழ்வதற்குள் அட்டவணை யந்திரத்தில் ஏறிவிட்டது.

முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கார்த்திகேசு வரிவரியாகப் பார்த்தார். பிழை இல்லை. சாந்தமேரி பக்கம் திரும்பவில்லை. வெரோனிகாவிடம் மட்டும் கேட்டார். "உங்கட பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் எத்தினை பேரைத் தரும்?"

தைப்பூசத்தன்று அந்தச் சிறப்பு வண்டிகளில் ஒன்றுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர் சாந்தமேரியின் கணவர் இருதயம். டிரைவர் வண்டியைச் சற்று நிதானமாக ஓட்டப் பார்த்திருக்கிறார். "அண்ணே, சீக்கிரம் விடுங்க லா. நேரம் போட்டது நம்ம வீட்டுல. லேட்டாப் போனா எனக்குச் சோறு கிடைக்காது" என்றாராம் இருதயம். இதைச் சாந்தமேரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். தம்புசாமியிடமும் சொன்னார். அவரும் சிரித்தார்.

எட்டுப் பேருக்கும் வேலை நிலைத்தது. விஷயம் பரவி, சென்ற வாரம் கிள்ளானில் ஓர் அச்சகம் இரண்டு பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டது. எட்டுப் பேரில் அங்கே போக ஒப்புக்கொண்டவர்கள் இராஜம்மாவும் லெட்சுமியும். கடைசி நாள் வேலையை முடித்துவிட்டு நேரே ரயிலடிக்கு வந்துவிட்டார்கள். நானும் வழியனுப்பப் போயிருந்தேன்.

வண்டி வரும் நேரம். இராஜம்மாவின் கன்னத்தில் அச்சு மை தீற்றியிருந்தது. சாந்தமேரி முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து அதை அழுத்தித் துடைத்தார். பிறகு அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். ஈயம் பட்டுப் பட்டுக் கட்டைவிரல் கன்னங்கரேலென்று இருந்தது. முந்தானையை அதன்மேல் வைத்தவர், ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடைக்காமலே அந்தக் கையை விட்டார்.