பூட்டிய வீட்டுக்குள் ஊட்டி

லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடி வீட்டுக்காரர் எந்த மாதமும் குரங்குக் குல்லாயோடுதான் இருப்பார். எதன் விலையைக் கேட்டாலும் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். ஒரு பொங்கல் லீவில் என்னிடம் பூட்டும் சாவியும் தந்தார்.

“ஊட்டி போறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு சார். நாங்க உள்ளதான் இருப்போம், வெளியே பூட்டிடுங்க. செலவும் மிச்சம், நாலு நாள் காலிங் பெல்லும் அடிக்காது.”

பூட்டினேன். மேலேயிருந்து கேரம் சத்தமும் பஜ்ஜி வாசனையும் வந்தன. கேட்டவர்களிடம் சத்தம் எலி என்றும், பஜ்ஜி எங்கள் வீட்டில் என்றும் புளுகினேன்.

ஐந்தாம் நாள் திறந்துவிட்டேன்.

“ஊட்டியில குளிர் எப்படி சார்?”

“தாங்கல,” என்று சிரிக்காமல் சொல்லி, ஒரு பாக்கெட் ஊட்டி வர்க்கியை நீட்டினார். அன்று காலையில் போட்டதுபோல மொறுமொறுவென்று இருந்தது. அதை எப்போது போய் வாங்கினாரோ, இன்றுவரை தெரியவில்லை. சாவி நாலு நாளும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.