பனிமலைக்குத் தைத்த உடுப்பு

லிங்கசாமிக்குப் பாலியஸ்டர் என்றாலே ஆகாது. அந்தத் துணியில் சட்டை போட்டுக்கொண்டு யாராவது அவர் கம்பெனிக்குள் நுழைந்தால், “பிளாஸ்டிக் பையக் கிழிச்சு மாட்டிட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டுவிடுவார். பொங்கலூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் வளர்ந்து, வீரபாண்டிக்கு வந்து பனியன் கம்பெனி வைத்தவர். காட்டிலும் பருத்தி, கம்பெனியிலும் பருத்தி. அதற்காக உலகமே பருத்திக்குள் அடங்கிவிடுமா? அடங்கும் என்றுதான் அவர் நினைத்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் பலமுறை வாதாடித் தோற்றிருக்கிறேன்.

2007 தீபாவளி கழிந்து, தையல் மெஷின் விற்கும் ஆறுமுகசாமி வந்தார். ஜனவரியில் கம்பெனிக்கு ஒருவராக வடக்குச் சீனாவுக்கு அழைத்துப் போகிறாராம். மெஷின் பேக்டரியைப் பார்த்துவிட்டு, ஹார்பின் நகரத்துக்கு அப்பால் பனிச்சறுக்கு விளையாடும் மலையில் இரண்டு நாள். லிங்கசாமி தன் ஒரே மகன் நித்தீஷை அனுப்புவதாகச் சொன்னார்.

“குளுரு பயங்கரமா இருக்குமுங்க. பயப்பட வேண்டாம், ஜாக்கெட்டு அங்கயே வாடகைக்குக் குடுப்பாங்க,” என்றார் ஆறுமுகசாமி.

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். லிங்கசாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஊரு உலகத்துக்கே துணி தெச்சு அனுப்பறோம். எம்பட பையன் எவனோ போட்டுக் கழட்டுன வாடகைச் சட்டையப் போடோணுமுங்களா?”

அன்றிலிருந்து பயண ஏற்பாடு எக்ஸ்போர்ட் ஆர்டரைப் போல நடந்தது. நல்ல கனமான பருத்தித் துணியை, உள்பக்கத்தைச் சுரண்டிப் பஞ்சு போல் எழுப்பி, இரட்டை மடிப்பாகத் தைத்தார்கள். மேலுக்கு, காலுக்கு, தலைக்கு, கைக்கு எல்லாம் அதுவே. அதைப் போட்டுக்கொண்டு மகன் பனியில் நிற்கும் போட்டோவை சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. டெஸ்ட் பண்ணாமல் சரக்கு அனுப்புகிற ஆளில்லை அவர். காங்கேயம் ரோட்டு ஐஸ் பேக்டரிக்கு என்னையும் இழுத்துப் போனார். ஐஸ் அடுக்கும் அறைக்குள் அந்த உடுப்போடு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, “கதகதன்னு இருக்குதுங்க,” என்று டீ சொன்னார்.

கிளம்புகிற அன்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: “சாமி, வாடகை ஜாக்கெட்டத் தொடக்கூடாது. தொட்டீன்னா இந்த ஊட்டுப் படி ஏறாத.”

“சரிங்கப்பா,” என்றான் நித்தீஷ். அப்பா சொல்லுக்கு மறுசொல் பேசி அறியாத பையன். அந்தச் ‘சரிங்கப்பா’வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நடுக்கம்தான்.

பையன் போனபின், டெஸ்டுக்குப் போட்ட உடுப்பை அவர் மனைவி ரங்காத்தாள் துவைத்துக் கொடியில் போட்டாள். மறுநாளும் அது சொதசொதவென்று தொங்கியது. பிழிந்து பார்த்துவிட்டுப் புருஷனிடம் வந்து நின்றாள்.

“ஏனுங்க, நம்மூரு வெயில்லயே இது காயலீங்களே. அங்க ஏறி எறங்கிப் பையனுக்கு வேர்த்துதுன்னா என்னங்க பண்ணுவான்?”

“பனியில எவனுக்கு வேர்க்கும், புள்ள?” என்று சிரித்தார். ஆனால் அடுத்த நாள் காலையில் மீதியிருந்த இன்னொரு உடுப்பைக் காரில் போட்டுக்கொண்டு, என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். முகத்தில் சிரிப்பில்லை.

இந்தத் தடவை அவர் பேப்பர் படிக்கவில்லை. ஐஸ் பேக்டரி ஆட்களோடு சேர்ந்து பாளம் பாளமாக ஐஸைத் தள்ளினார். மூச்சு வாங்கியது. அந்தக் குளிருக்குள்ளும் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நனைந்த துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாடை அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. எழுந்து வந்து கதவைப் பிடிக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. நாங்கள்தான் இழுத்து வந்து வெயிலில் உட்கார வைத்து, கத்தரியால் உடுப்பை வெட்டி எடுத்தோம்.

பேச்சு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: “நித்தீஷுக்குப் போனப் போடுங்க.”

அன்றைக்குத்தான் அவர்கள் மலைக்குப் போகும் நாள். நித்தீஷின் செல்லில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கூடப் போயிருந்த ஆறுமுகசாமியைக் கூப்பிட்டேன். எடுத்தார். போனில் காற்று இரைந்தது. லிங்கசாமி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஆறுமுகசாமி, பையனுக்கு அந்த ஜாக்கெட்ட வாங்கி மாட்டுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க!”

“நாங்க அத்தன பேரும் அதத்தானுங்க போட்டிருக்கோம். தம்பிதான் வேண்டாம்னு சொல்லிருச்சுங்க. அப்பா வையும்னு சொல்லுச்சுங்க.”

“பையன் எங்கீங்க?”



“காலையில மேல போச்சுங்க. நாங்கெல்லாம் எறங்கிட்டோமுங்க. தம்பியத்தான் தேடிட்டு இருக்கறோம். லைட்டு எடுத்துட்டு ஆளு போயிருக்காங்க. இங்க நாலரை மணிக்கே பொழுது உளுந்து இருட்டிருச்சுங்க.”

போன் கட்டாகிவிட்டது. எங்கள் தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லிங்கசாமி வெறும் உடம்போடு மணலில் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

“மத்தியானம் சோறு திங்கற நேரத்துல எப்புடீங்க இருட்டும்?” என்று கேட்டார்.