பதினைந்து கிலோ டின்

2025 ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலைக் கடைத்தெரு முழுக்கச் சேறு. எண்ணெய்க் கடை வாசலில் எனக்கும் சூப்பிரண்டு சாருக்கும் நடுவே, பதினைந்து கிலோ தேங்காயெண்ணெய் டின் ஒன்று இருந்தது. அவர் கையில் இரண்டு எவர்சில்வர் தூக்கு, என் கையில் இரண்டு. நான்கும் காலி.

அவர் ஆபீஸில் என் மேலதிகாரியாக இருந்தவர். நான்கு பேர் சேர்ந்து ஒரு டின் வாங்கிக் கடை ஓரத்திலேயே பங்கு போட்டுக்கொள்வது அவர் தொடங்கிவைத்த வழக்கம். அளப்பது அவர், எண்ணுவது நான். அடியில் தங்கும் கசண்டும் காலி டின்னும் முறை வைத்து ஒருவருக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. என் பங்கு அறுநூறு ரூபாயாக இருந்தது ரொம்பப் பழைய கதையல்ல.

விலை ஏறத் தொடங்கியதும் ஒருவர், "டாக்டர் தேங்காயெண்ணெய் கூடாதுன்னுட்டார், கொலஸ்ட்ரால்" என்று சொல்லி விலகினார். அடுத்த டின்னுக்குள் இன்னொருவரும் அதையே சொன்னார். சூப்பிரண்டு சார் நடுத்தெருவில் நின்று சிரித்தார். "பார்த்தீரா ஓய், ரேட் ஏற ஏற இவாளுக்குக் கொலஸ்ட்ராலும் ஏறறது! நாம ரெண்டு பேரும் ஆரோக்கியசாலியாக்கும்."

அன்று டின் ஏழாயிரத்து இருநூறு. ஆளுக்கு மூவாயிரத்து அறுநூறு. என் பையில் இரண்டாயிரம்தான் இருந்தது. அவர் பையில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, பாதி டின் தரப்படாதோ?" என்றார் கடைக்காரரிடம், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"மூடியத் தொறந்துட்டா மிச்சத்த யார் தலையில சார் கட்டுவேன்? அடுத்த மாசம் இன்னும் கூடும், பாத்துக்கிடுங்க."

ஆட்டோவில் திரும்பினோம். மேடு பள்ளத்தில் காலித் தூக்குகள் இடித்துக்கொண்டே வந்தன.

பதினொரு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, மாமி, சாப்பிடாமல் விடவில்லை.

"உங்களுக்குக் கொலஸ்ட்ராலாமே? அதனாலதான் டின் நின்னுபோச்சுன்னு இவர் சொன்னார். உங்க ஒருத்தராலே நாங்களும் பாமாயிலுக்கு மாறியாச்சு, போங்கோ!" என்று சிரித்துக்கொண்டே அவியலை வைத்தார். "இதுல உங்களுக்காக எண்ணெயே விடலை."

சூப்பிரண்டு சார் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம் மாமி, இருநூத்தி நாப்பது" என்றேன்.

எண்ணெய் இல்லாத அவியலை முழுவதும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து என்னைத் தெருவில் கண்டால் சார் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறார். அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால், அவர் பையிலும் பணம் இல்லாதது எனக்குத் தெரியும் என்றாகிவிடும். எழுபத்தாறு வயதில் இன்னொரு சிநேகிதத்தை எங்கே தேடுவேன்?

நேற்றும் மழை. தனியாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். டின்கள் அடுக்கியிருந்த இடத்தில் சிறு பாட்டில்கள். "கூட்டாளி எங்க சார்?" என்றார் அண்ணாச்சி. ஒரு பாட்டிலை எடுத்தேன். வழியில் மாமி பார்த்துவிடக் கூடாதே என்று கீரைக்கட்டுக்கு அடியில் அதை மறைத்துவைத்தேன். இருநூறு மில்லி. நூற்றுப் பத்து ரூபாய்.