காம்பாரில் அவள் சொன்ன காரணம்

பிறப்பால் நான் சீனப் பெண். கைக்குழந்தையாக என்னைத் தத்தெடுத்து வளர்த்தது செமோர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம்.

ரப்பர் விலை விழுந்த வருடம், பெற்றவள் காம்பாரில் ஆற்று மணலில் ஈயம் அரிக்கிறாள் என்று தெரிந்தது. தமிழ் பேசும் எங்கள் சீனக் கடைக்காரர், “நானும் வாரேன்லா, நீ பேசுறத அவகிட்ட சொல்றேன்” என்றார்.

“இது எங்க வீட்டு விசயம் தவுக்கே, நீங்க வேணாம்” என்று முதலாளியிடம் வீம்பாகச் சொல்லிவிட்டுத் தனியே போனேன்.

அவள் குடிசை வாசலில் என் முகமே எதிரில் நின்றது. ஏன் கொடுத்தாய் என்ற இத்தனை வருடக் கோபத்தை, “கெனாப்பா?” என்று மலாயில் ஒரே ‘ஏன்’ ஆகக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதபடி, சீனத்தில் நெடுநேரம் சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

மறுமாதம் கடைக்காரரோடு போனால், அந்தக் குடிசையில் வேறு ஆட்கள். அவள் போன இடம் யாருக்கும் தெரியவில்லை.

அவள் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் தெரியாது.