சோறு வேண்டாம் என்ற மத்தியானம்

மேட்டூர் அணையை மிகத் தாமதமாகத் திறந்த ஒரு வருஷம். ஐப்பசி பிறந்த பிறகுதான் எங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் ஊர் தஞ்சாவூருக்குத் தெற்கே, ஒரத்தநாடு தாண்டி உள்ளே போக வேண்டும். எனக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. லாரியை முதலாளியிடம் விட்டுவிட்டு, நிலத் தகராறு ஒன்றை முடித்துவைக்க ஊருக்கு வந்திருந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன். லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, வளைகுடாவில் தொழிலாளர் முகாமில் சமையல், பிறகு மறுபடியும் லாரி. ஓர் ஊரில் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் கழிந்தால் எனக்குக் கால் நிற்காது. கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டினி கிடந்த காலத்தில் எலும்பாக இருந்தேன். கையில் சாப்பாடு வந்த காலத்தில், விட்டதையெல்லாம் சேர்த்துத் தின்றேன். நாற்பத்தைந்து வயதில் எடை நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும். தார்ப்பாய் கட்ட லாரி மேல் ஏறி இறங்கினால் கண் இருட்டும். ரத்தத்தில் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. டாக்டர் மாத்திரை எழுதி, சோற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். பசி குறையவில்லை. ராத்திரி பரோட்டாக் கடையில் அதை ஈடுகட்டினேன்.

பேராவூரணியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு போகும் வழியில், முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு பாய் கறிக்கடை வைத்திருந்தார். முன்பு என்னைப் போலவே பருத்திருந்தவர், திடீரென்று பாதியாகிவிட்டார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சோத்த அடியோட நிறுத்திப் பாருங்கண்ணே. இட்லி, தோசை, டீல சக்கரை, அதுவும் கெடையாது. கறி, மீனு, முட்டை, கீரை, தேங்கா. இத வயிறு நெறயத் தின்னுங்க. பேலியோன்னு சொல்றாங்களே, அந்த டயட்டுதான்."

"கறி விக்கிறவரு வேற எதத் திங்கச் சொல்லுவீங்க பாய்?"

"அட, துபாய்லேருந்து வந்தப்ப போட்டிருந்த சட்டை வீட்ல கெடக்கு. நானும் மச்சானும் ஒண்ணா அதுல பூந்துக்கலாம். நம்பலேன்னா வந்து பாருங்க."

டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, மாதா மாதம் ரத்தம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார்.

முதல் சில நாட்கள் தலைவலியும் எரிச்சலுமாகப் போயின. நெல் மூட்டை ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு, சோற்றையே நினைத்துக்கொண்டிருப்பேன். பிறகு அது அடங்கியது. சாப்பாட்டுக் கடைகளில் சோறு வேண்டாம் என்றால் கேலி செய்வார்கள். அதனால் தோள்பையில் அவித்த முட்டையும் தேங்காய்க் கீற்றும் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. முட்டையை உரிக்க மாட்டேன். ஓட்டோடு இருந்தால் வழியில் நசுங்காது, அழுக்குப் படாது.

ஒரே ஒரு முறை தவறினேன். நாகூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பிரியாணி. அதற்குப் பிறகு வந்த பசி பல வாரங்கள் என்னை விடவில்லை. அப்போது ஒரு முடிவுக்கு வந்தேன். குடியை விட்டவன் ஒரு மடக்குகூடத் தொடக்கூடாது என்பார்களே, அப்படித்தான் எனக்குச் சோறும்.

ஒரு வருஷத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் இளைத்தேன். ஏணியில் ஏறி இறங்க முடிந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஊருக்குப் போனபோது அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரிய வியாதியா? மறைக்காம சொல்லு" என்றார். சோறு தின்னாத மனிதனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இனி நிலத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பாவின் வயலில் வேலை செய்த குடும்பங்களை, சாதியைச் சொல்லி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனித் தெருவில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கூலி நெல்லுக்காகச் சிவப்புக் கொடி பிடித்தது, அடிதடி, போலீஸ் எல்லாம் அப்பா காலத்தில் நடந்தவை. பிறகு சட்டம் வந்து, அதில் ஒரு குடும்பத்துக்குக் கோயில் நிலத்தில் குத்தகைப் பதிவு கிடைத்தது. அந்த நிலம் எங்கள் வயலுக்கு அடுத்த கீழ் வயல். அதற்குத் தண்ணீர் எங்கள் வயல் ஓரமாகத்தான் போக வேண்டும். அண்ணன் அந்த வாய்க்காலைத் தூர்த்து வரப்போடு சேர்த்துக்கொண்டார். வழக்கு நடந்தது. ஆட்சி மாறும், கொடிக்கம்பத்தில் நிறம் மாறும். இரண்டு கட்சிக்காரர்களும் பேசிப் பார்த்தார்கள். வாய்க்கால் மட்டும் திறக்கவில்லை.

அந்த வருஷம் இரு தரப்புக்கும் வழக்கு அலுத்துவிட்டது. தாசில்தார் முன்னால் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் வாய்க்காலை வெட்டிவிடலாம் என்று முடிவானது. பட்டா அண்ணன் பேரிலும் என் பேரிலும் இருந்ததால் நானும் வர வேண்டியிருந்தது. திங்கட்கிழமை கையெழுத்து. கீழ் வயல்காரர் போர்வெல் தண்ணீரில் நாற்று விட்டுவிட்டுக் காத்திருந்தார். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் தள்ளினால் சம்பா போய்விடும்.

கீழ் வயல்காரர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் வாடா போடா. ஊர் எல்லைக்குள் வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். நான் ஓடிப்போனேன், அவர் படித்து வாத்தியார் ஆனார். அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த அம்மாதான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். கோர்ட்டுக் காகிதத்தை நம்பி ஏமாந்தது போதும், கையெழுத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் எங்கள் வீட்டில் வந்து கை நனைத்துவிட்டுப் போகட்டும் என்று. ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் எங்கள் பக்கம் கை நனைப்பது என்போம். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தத் தெருவில் அதுவரை கை நனைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனுக்குக் கால் வலி வந்துவிட்டது. "நீ போயிட்டு வா. நீதான் கண்ட எடத்துலயும் தின்னவனாச்சே" என்றார்.

அது உண்மைதான். முகாமில் எல்லாச் சாதியும் எல்லா நாடும் ஒரே தட்டில் கை வைத்தோம். சாப்பாட்டில் எனக்குச் சாதி கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால்தான் அன்று அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

மாடி கட்டிய நல்ல வீடு. வாத்தியார் வாசலில் நின்று, "வாங்க, வாங்க. அண்ணன் வரலீங்களா?" என்றார். கால் வலியைச் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய் மூன்றாவது இலையை எடுத்துவிட்டார். வாசலில் தெருக்காரர்கள் சிலர் வேலையில்லாததுபோல நின்றுகொண்டிருந்தார்கள். கூடத்தில் எனக்கும் வாத்தியாருக்கும் இலை போட்டிருந்தது. நல்ல காரியம் பேசும் நாள் என்பதால் கவுச்சி இல்லை. உருளைக்கிழங்கு, வாழைக்காய், பருப்பு வடை, ஒரு ஓரத்தில் சேமியா பாயசம். அந்த அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு குனிந்தார்.

நான் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தேன்.

"சோறு வேணாம்மா. நீங்க செரமப்படாதீங்க. எங்கிட்ட முட்டை இருக்கு. கொல்லையில தேங்கா கெடந்தா ஒண்ணு குடுங்க, நானே ஒடச்சுக்கறேன், போதும்."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து இலையில் வைத்தேன். ஒன்று உருண்டு பாயசத்தின் மேல் போய் நின்றது.

வாத்தியார் தன் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்த அம்மா நிமிர்ந்து நின்றார்.

"எங்க மாமனாரு சொல்லுவாரு. உங்க அப்பா களத்துக்கு வந்தா எங்க தெருவுல எளநி மட்டுந்தான் குடிப்பாராம். அப்பாவுக்கு எளநி, புள்ளைக்கு முட்டை. ஓட்டுக்குள்ள இருக்கறது மட்டுந்தான் உங்க வீட்டு ஆளுங்களுக்கு எறங்குமா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இளநீர், வாழைப்பழம், மூடியைத் திறக்காத சோடா. அந்தத் தெருவுக்கு வந்த எங்கள் தெரு ஆட்கள், அவர்கள் கை படாததாகப் பார்த்துக் கேட்டு வாங்கியதெல்லாம் இவைதான். நானும் ஓட்டோடு முட்டையைக் கொண்டுவந்து வைத்து, உடைக்காத தேங்காய் கேட்டிருக்கிறேன்.

அவசரமாக விளக்கம் சொன்னேன். சர்க்கரை, எடை, கறிக்கடை பாய், பேலியோ. அந்த அம்மா குறுக்கிட்டார்.

"சுகர் பேஷண்ட தெனம் பாக்கறவ நான். ஒரு கரண்டி சோத்துல யாரும் செத்துப்போகல."

லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அதில் இருந்த படத்தில் கன்னம் காதுவரை வழியும். வாத்தியார் வாங்கிப் பார்த்தார். படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "இது யாரு, உங்க பெரியப்பாவா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியிடம் காட்டினார்.

"எளச்சது நெசந்தான். நான் இல்லேங்கல" என்றார் அந்த அம்மா. "ஆனா எங்க வீட்டு எலையில உக்காந்து சோறு வேணாம்னா அதுக்கு இந்தத் தெருவுல ஒரே அர்த்தந்தான். வாசல்ல நிக்கிறவங்க காதுல சோறு வேணாம்னது விழுந்துருச்சு. பேலியோ, கீலியோல்லாம் விழாது."

"நாத்து நிக்குதும்மா" என்றார் வாத்தியார் மெதுவாக.

"முத்துனா முத்தட்டும். இந்த வருசம் தரிசாப் போட்டுக்கறேன்."

அவர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால் நம்பினேன். நாளைக்கு இவர்கள் தாசில்தார் ஆபீஸுக்கு வரமாட்டார்கள். வாய்க்கால் திறக்காது. என் உடம்பு இருந்த நிலையும், நாகூர் பிரியாணிக்குப் பிறகு பட்ட பாடும் நினைவுக்கு வந்தன. ஆனால் அவற்றை வைத்து அந்த வீட்டில் பேசுவதற்கு எதுவும் இல்லை. முட்டைகளை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"போடுங்கம்மா."

"கட்டாயமில்ல."

"தெரியும். போடுங்க."

போட்டார். ஒரு கரண்டி போட்டு நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் கையை மறிக்கவில்லை. இன்னொரு கரண்டி போட்டார். சாம்பார் ஊற்றிப் பிசைந்து தின்றேன். ரொம்ப நாள் விட்டுப்போனதால் சோறு இனித்தது. உப்பும் புளியும் தாண்டி அடியில் ஓர் இனிப்பு. பிறந்ததிலிருந்து தின்ற சோற்றில் அப்படி ஓர் இனிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. வேகமாகத் தின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

"மெதுவா சாப்புடுறா" என்றார் வாத்தியார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டோம்.

ரசத்துக்கும் மோருக்கும் சோறு வாங்கினேன். முட்டை உருண்ட பாயசத்தையும் விடவில்லை. கை கழுவ வாசல் பக்கம் போனபோது அங்கே நின்றவர்களில் ஒருவர் தண்ணீர் மொண்டு ஊற்றினார். வீடு போய்ச் சேருவதற்குள் மொபெட்டிலேயே கண் சொருகியது.

சாயங்காலம் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். அவருக்கும் சர்க்கரை உண்டு. கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் தட்டில் சோறு குவிந்திருந்தது.

"இது நல்ல யோசனையா இருக்கே. இனிமே என்னையக் கூப்புட்டா, எனக்கும் அதே டயட்டுதான்னு சொல்லிடு" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா என்னை ஏன் நம்பவில்லை என்பது முழுதாக எனக்கு விளங்கியது. "நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றேன். அவர் மோர் கேட்டார்.

திங்கட்கிழமை எல்லாரும் வந்தார்கள், கையெழுத்துப் போட்டோம். மறுநாள் வாய்க்கால் வெட்டினார்கள். நாற்று கொஞ்சம் முற்றித்தான் போயிருந்தது, ஆனாலும் நட்டார்கள். நான் லாரிக்குத் திரும்பினேன். பசியோடு மல்லாடி, பழைய நிலைக்கு வரப் பல வாரங்கள் ஆயின. ரத்தம் பார்த்த டாக்டர், "என்ன, விருந்தா?" என்றார். ஆமாம் என்றேன்.

பொங்கல் கழிந்து, அறுவடை நெல் ஏற்ற லாரியோடு அந்தப் பக்கம் போனேன். களத்தில் என்னைப் பார்த்துவிட்டு வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் அப்போதும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா இலை போட்டு வறுத்த மீன், முருங்கைக்கீரை, தேங்காய்த் துருவல், மூன்று முட்டை வைத்தார். முட்டைகளை ஓடு உரித்து, இரண்டாகக் கீறி, மிளகு தூவியிருந்தார்.

"சோறு?" என்றார் சத்தமாக, வாசலுக்குக் கேட்கும்படி.

"வேணாம்மா" என்றேன் நானும் அதே அளவு சத்தமாக.

வாசலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் இன்றுவரை அந்த வீட்டில் கை நனைக்கவில்லை, கால் வலியும் தீரவில்லை. நான் அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேரிடம் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு வந்தது அந்த ஒரு மத்தியானம் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டதால்தான் என்பது, இப்போதும் ஒவ்வொரு முறை முட்டையின் ஓட்டை உடைக்கும்போது நினைவுக்கு வருகிறது.