தொரை நாயும் என் வலது கையும்

நடு ரோட்டுல மிருகம் வந்தா டிரைவர் என்ன செய்யணும்னு யாராவது கேட்டா, நான் மொதல்ல என் வலது கைய நீட்டிக் காட்டுவேன். மணிக்கட்டுக்கு மேல லேசா ஒரு கோணல் தெரியும். அந்தக் கோணலுக்குக் காரணம் ஒரு நாய். அந்த நாய் இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு, வேளாவேளைக்குத் தின்னுட்டு ரோட்டுல மல்லாந்து தூங்குது.

எங்க வீட்டுக்காரர் த்ரீவீலர் ஓட்டுறாரு. நான் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறேன். நாங்க குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுலருந்து கரவனெல்ல பக்கம் எறங்குற ரோட்டுல ஒரு பக்கம் தண்ணி ஓடுற கான், மறு பக்கம் பள்ளம். நடுவுல நாய், மாடு, கோழி எல்லாம் படுத்தது போக எடம் மிஞ்சினா வண்டி போகலாம். அதுலயும் எங்க வீட்டுக்காரர் ஓட்டினா, ஓணானுக்குக்கூட வழி விட்டுட்டுத்தான் வீடு வந்து சேருவோம்.

கேட்டா சாமிய இழுப்பாரு. முன்னெல்லாம் எங்க பக்கம் மயிலக் கண்ணுல பாத்ததே இல்ல. இப்ப எங்கேருந்தோ வந்து ரோட்டுல நடை பழகுது. மயிலக் கண்டா வண்டிய நிப்பாட்டி, கன்னத்துல போட்டுக்குவாரு. முருகன் வாகனமாம். மாடு வந்தா சிவன் வாகனம். நாய் வந்தா வைரவர் வாகனம். ஒரு நாள் எலி ஒண்ணு குறுக்க ஓடிச்சு, அதுக்கும் பிரேக். "ஏங்க, எல்லாச் சாமியும் வாகனத்த இப்பிடி ரோட்டுல அவுத்து விட்டுட்டா, நம்ம வாகனம் எங்கிட்டுப் போறது?"ன்னு கேட்டேன்.

ஆனா காட்டுப்பன்னி வந்தா மட்டும் இந்த பக்தியெல்லாம் பறந்துரும். எங்க தோட்டத்து டிரைவர் ஒருத்தரும் பன்னிக்கு பிரேக் போட்டு நான் பாத்ததில்ல. இவரும் அப்பிடித்தான், கண்ணு ரெண்டும் சட்டியத் தேடும். "பெருமாளே பன்னியா வந்தாருன்னு கோயில்ல சொல்றாங்களே"ன்னேன். "அது அவதாரம் புள்ள, வாகனம் இல்ல"ங்குறாரு. வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டிய மனுஷன்.

இந்தச் சாமி வாகனம் எல்லாத்துக்கும் மேல ஒரு வாகனம் எங்க தோட்டத்துல உண்டு. தோட்டத்த நடத்துற பெரிய தொரையோட நாய். செவல நிறம், கழுத்துல வெள்ளத் திட்டு. அது ரோட்டுல வந்தா டிரக்டரும் நிக்கும், பால் ஏத்துற லொறியும் நிக்கும். அதுக்கு ஒரு கத இருக்கு. முந்தி இருந்த தொரையோட நாய் வால ஒரு டிரக்டர் டயர் லேசா ஒரசிருச்சு. வாலுதான், அதுவும் நுனி. அந்த டிரைவர ரெண்டு மாசம் புல்லு வெட்ட அனுப்பிட்டாங்க. அன்னியிலருந்து ஸ்டியரிங் புடிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தொரை நாயின்னா தூரத்துலயே கால் பிரேக்குக்குப் போயிரும். மனுஷன் குறுக்க வந்தா ஹோர்ன் அடிப்பாங்க, தொரை நாய் குறுக்க வந்தா எஞ்சின அமத்திருவாங்க.

ஒரு ஞாயித்துக்கெழம வரக்காப்பொலையில இருக்கிற என் தங்கச்சியப் பாக்கக் கெளம்பினோம். வெறுங்கைய வீசிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு பலாப்பழத்தப் பின் சீட்டுல எனக்குப் பக்கத்துல ஏத்தியிருந்தோம். பத்துக் கிலோவுக்குக் கொறையாது. மழ தூறிக்கிட்டு இருந்துச்சு. முனியாண்டி சாமிக் கல்லு இருக்கிற ரோட்டு முடக்குல திரும்பினா, நடு ரோட்டுல செவல நாய் ஒண்ணு ஒக்காந்து காதச் சொறியுது, கழுத்துல வெள்ளத் திட்டு.

"ஐயோ, தொரை நாய்"ன்னாரு. ஹேண்டில ஒடிச்சாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வண்டி கான்ல சாஞ்சிருச்சு. என் முந்தான என் மொகத்துலயே சுத்திக்கிச்சு, கண்ணு தெரியல, வாய்க்குள்ள சேறு. ஒரு நிமிஷம் நெனப்பே இல்ல. நெனப்பு வந்து முந்தானைய வெலக்கிப் பாத்தா, எங்க வீட்டுக்காரர் பலாப்பழத்தத் தூக்கி ரோட்டோரம் பத்திரமா வச்சுட்டு, அதுக்கப்பறம் என்னத் தூக்க வர்றாரு. வலது கை மணிக்கட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

நாய்க்கு ஒரு கீறல் இல்ல. பலாப்பழத்துக்கும் ஒரு முள்ளு மழுங்கல. நாய் வந்து வண்டிய மோந்து பாத்துட்டு, காலத் தூக்கி சக்கரத்துல ஒண்ணுக்கு இருந்துட்டுப் போயிருச்சு. அந்த வலியிலயும் எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவாத் தெரிஞ்சுது. இந்த மனுஷனுக்கு மொதல்ல நாய், ரெண்டாவது பழம், மூணாவதுதான் நான்.

பின்னால வந்த வேன்ல ஏத்தி கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பழமும் கூட வந்துச்சு. டொக்டர் நல்ல மனுஷன். என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. இவரு சிங்களத்துல நாயோட பெருமைய எல்லாம் சொல்லி முடிச்சாரு. டொக்டர் என் கையப் பாத்தாரு, அவரப் பாத்தாரு. "பல்லா பேரகன்ன கிஹில்லா நோனாவ கெடுவாத?"ன்னாரு. நாயக் காப்பாத்தப் போயி பொண்டாட்டிய ஒடைச்சியான்னு அர்த்தம். வார்ட்டே சிரிச்சுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சா கை வலிச்சுது.

இதுல பெரிய கூத்து அடுத்த நாள்தான் தெரிஞ்சுது. அந்த ஞாயித்துக்கெழம தொரை கொழும்புக்குப் போயிருந்தாராம். அவரு நாயும் கூடவே கார்ல போயிருக்கு. நாங்க மரியாத குடுத்த நாய் எங்க லயத்துக் குட்டி. தாய் எங்க கக்கூசு பக்கம் படுத்துக் கெடக்குற கறுப்பு நாய், தகப்பன் தொரை பங்களா நாய். மொகம் அச்சு அசலா அப்பன். இந்தச் சாயல வச்சுக்கிட்டு அது ஒரு வருசமா நடு ரோட்டுல ராஜா மாதிரி படுத்து, வர்ற போற வண்டிய எல்லாம் நிக்க வச்சிருக்கு. கொடுத்து வச்ச சென்மம்.

சிரிச்சதெல்லாம் அதோட முடிஞ்சுது. கட்டுப் போட்டு வீட்டுல ஒக்காந்தேன். பால் வெட்டுறது வெரல்ல இருக்கிற வேல. கத்தி பட்டைய மட்டும் சீவணும். கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துல படும், காயமாயிரும். காயம் பட்ட எடத்துல பட்ட முண்டும் முடிச்சுமா வளரும், அப்பறம் அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. பதினாலு வருசமா அந்த மரங்கள வெட்டுறேன். எது காலையில வஞ்சகமில்லாம ஊத்தும், எது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்னு எனக்குத் தெரியும். என் மரங்கள வேற ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டாங்க. சின்னப் புள்ள, அது மேல குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒரு நாள் மெதுவா நடந்து போயிப் பாத்தேன். காயம், காயம், காயம். வரிசையில மூணாவது மரத்தக் கட்டிப் புடிச்சு நின்னேன். கோவத்துல அழுகையா வந்துச்சு.

கட்டுப் பிரிச்சாங்க. கை குச்சியா இருந்துச்சு. வெரல மடக்கினா பாதியில நின்னுரும். தேத்தண்ணிக் கோப்பையத் தூக்கினா நடுங்கும். எங்க டிவிசனப் பாத்துக்கிற ஐயா வந்து சொன்னாரு: "வர்ற திங்கக்கெழம காலையில பெரட்டுக்களத்துக்கு நேரத்துக்கு வா. என் முன்னால ஒரு மரம் வெட்டிக் காட்டு. கை நின்னா ஒன் மரம் ஒனக்கு. இல்லாட்டி புல்லு வெட்டத்தான் போகணும். பிந்தி வந்தா நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்." காலையில எல்லாரையும் கூப்புட்டு வேல பிரிச்சு விடுற எடந்தான் பெரட்டுக்களம். அங்க ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்னிய பேரும் கூலியும் போயிரும்.

அடிபட்டதுலருந்து மூணு மாசமா என் வாயி சும்மா இருக்கல. சட்டியத் தூக்க முடியலைன்னா அந்த நாய் மேல ஏத்தியிருக்கணும்னு கத்துவேன், அப்பறம் அவரத் திட்டுவேன், அப்பறம் பலாப்பழத்துக்கு வருவேன். "பழத்தத்தானே மொதல்ல எடுத்தீங்க. பழத்தையே கட்டிக்கிட்டுப் போயி குடும்பம் நடத்துங்க." அவரு வாயத் தொறக்கப் போவாரு. நான் அடுத்தத ஆரம்பிச்சிருவேன். அவரும் பீடியப் பத்த வச்சுக்கிட்டு வெளிய போயிருவாரு.

அதோட விட்டேனா? முனியாண்டி கல்லுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். எங்க டிரைவருங்க எல்லாரும் அந்த முடக்குல கற்பூரம் கொளுத்திட்டுத்தான் எறங்குவாங்க. கற்பூரத்துல அடிச்சு சத்தியம் வாங்கினேன். "இனி எந்த நாய்க்கும், எந்த மயிலுக்கும், எந்தத் தொரையோட எந்தப் பிராணிக்கும் ஹேண்டில ஒடிக்க மாட்டேன். நேராத்தான் போவேன்." சொல்லும்போது அவரு மொகத்துல ஈ ஆடல. ஆனா சொன்னாரு.

திங்கக்கெழம விடிஞ்சுது. நல்ல மூடுபனி. அவருதான் வண்டில கூட்டிக்கிட்டுப் போனாரு. நான் பின்னால ஒக்காந்து, வெரல மடக்கி நிமித்தி, மடக்கி நிமித்திக்கிட்டே போனேன். பாதியிலதான் நின்னுச்சு. அந்த முடக்குல திரும்பினோம்.

நடு ரோட்டுல செவல நாய், நீட்டி நிமிந்து படுத்திருந்துச்சு.

ஹோர்ன் அடிச்சாரு. அது ஒரு காத மட்டும் தூக்கி, திரும்பவும் போட்டுக்கிச்சு. இடது பக்கம் கான், வலது பக்கம் பள்ளம். வண்டி நின்னுருச்சு. கண்ணாடியில என்னப் பாத்தாரு.

"ஹேண்டில ஒடிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்க. நேராப் போகவா?"

நான் கைக்கடிகாரத்தப் பாத்தேன்.

"இல்ல புள்ள, சொல்லு. பெரட்டுக்கு நேரமாச்சு. ஏத்தவா?"

மூணு மாசமா ஏத்துங்க ஏத்துங்கன்னு கத்தினவ நான். அந்த நாய் வயிறு மேலயும் கீழயும் ஏறி எறங்குறத இங்கேருந்தே பாக்க முடிஞ்சுது. என் மரங்க அங்க நிக்குது. கைக்கடிகாரம் ஓடுது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. நாய் மேலயா, அவரு மேலயா, நேராப் போங்கன்னு சொல்ல வராத என் நாக்கு மேலயான்னு தெரியல.

வண்டிய விட்டுக் குதிச்சேன். "சனியனே, ஒங்கப்பன் பங்களாவுலதான்டா இருக்கான், அங்க போயி படேன்டா"ன்னு, அது பிடரியக் கொத்தாப் புடிச்சு, தரதரன்னு இழுத்து, ரோட்டோரம் தள்ளினேன். நல்ல கனம். அது மொறைக்கக்கூட இல்ல. எந்திரிச்சு ஒடம்ப ஒதறிட்டு, தூக்கத்தக் கெடுத்துட்டாளேங்கிற மாதிரி ஒரு பார்வ பாத்துட்டு, புல்லுல போயி சுருண்டுக்கிச்சு.

திரும்பி வந்து வண்டிக் கம்பியப் புடிச்சேன். அப்பத்தான் பாத்தேன். புடிச்சது வலது கை. நாய இழுத்ததும் வலது கைதான். அஞ்சு வெரலும் முழுசா மடங்கி கம்பிய எறுக்கிக்கிட்டு நிக்குது.

"என்ன புள்ள, வலிக்குதா?"ன்னாரு.

"ஏறிட்டேன், ஓட்டுங்க"ன்னேன்.

பெரட்டு முடிஞ்சு ஆளுங்க கலையிற நேரத்துக்குத்தான் போயிச் சேந்தோம். ஐயா பேரு பதியிற புஸ்தகத்த மூடிட்டாரு. "நேரத்துக்கு வான்னு சொன்னேனே"ன்னாரு.

"ரோட்டுல தொரை நாய் படுத்திருந்துச்சுங்க ஐயா"ன்னேன்.

ஐயா ஒடனே புஸ்தகத்தத் திரும்பத் தொறந்தாரு. அந்த நாய் என் ஆயுசுல எனக்குச் செஞ்ச ஒரே நன்மை அதுதான்.

மூணாவது மரத்துக்கே போனேன். அந்தப் புள்ள போட்ட காயத்துக்குக் கீழ கத்திய வச்சேன். கத்தி நெலைக்கல. நின்னேன், மூச்சு விட்டேன், திரும்ப வச்சேன். பட்ட மெல்லிசாச் சுருண்டு வந்துச்சு. மரத்துல படல. வெள்ளையா ஒரு கோடு ஊறி, எறங்கி, செரட்டையில விழுந்துச்சு. ஐயா குனிஞ்சு வெட்டத் தடவிப் பாத்தாரு. "நாளையிலருந்து ஒன் மரத்த நீயே பாத்துக்க"ன்னுட்டு நடந்துட்டாரு.

கீழ ரோட்டுல வண்டிய நிப்பாட்டிக்கிட்டு அவரு காத்துக்கிட்டு இருந்தாரு. நான் கையத் தூக்கிக் காட்டினேன். மனுஷன் ஹேண்டில் மேல நெத்திய வச்சுக் கவுந்துட்டாரு, தோள் ரெண்டும் குலுங்குது. பக்கத்துல போயி நின்னேன். என்ன சொல்றதுன்னு தெரியல. தெரியாதப்போ எனக்கு வர்றது சண்டதான்.

"அழுது என்ன ஆகப் போவுது? அன்னிக்கு பழத்தத்தானே மொதல்ல தூக்கினீங்க?"

அவரு தலையத் தூக்காமலே சொன்னாரு. "அது ஒன் கை மேல கெடந்துச்சு புள்ள. அத எடுக்காம ஒன்ன எப்பிடித் தூக்குறது?"

"மூணு மாசமா இத ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட?"