ஃபில்டர்

நாவலூர் ஆபீசில் எங்கள் கணினி நிரலை ஓட்டினாலே திரை முழுக்க மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகள் கொட்டும். பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாதவை. ஒன்று மட்டும் முக்கியம்: நாங்கள் நம்பியிருந்த ஒரு கட்டளை, அதைத் தரும் மென்பொருள் லைப்ரரியின் அடுத்த பதிப்பில் இருக்காது.

எரிச்சலான டீம் லீடர் ஒரே வரியில் ஃபில்டர் போட்டு எல்லாவற்றையும் மறைத்தார்.

"அந்த ஒண்ண மட்டும் விட்டு வையுங்கண்ணா" என்றேன்.

"இன்னாம்மா, அதவிட நீதான் ஜாஸ்தியா கத்திகினுகீற. உனுக்கும் ஒரு ஃபில்டர் போட்டுறவா?"

அறையே சிரித்தது. அதற்குப் பிறகு மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தாலே "ஃபில்டர்!" என்பார். செய்யூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து தினமும் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

கிளையன்ட் லைப்ரரியின் புதிய பதிப்புக்கு மாறச் சொன்னார். என் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே நின்றுபோனது. மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் கிளையன்ட் எதிரில் டீம் லீடர் ஓட்டிக் காட்டியபோதும் நின்றது. வியர்த்துக் கொட்ட என் பக்கம் திரும்பினார்.

"உனுக்குத் தெரியும்ல? ஏம்மா சொல்லல?"

"ஃபில்டர்ணா" என்றேன்.

அறையே சிரித்தது. அதே ஆட்கள், அதே சிரிப்பு. அன்றைக்குத்தான் அது என் காதுக்கு இனித்தது.